இயந்திரம் நின்றால் பிரதி யாரிடம் இருக்கிறது?

சுவடி
ஞாயிறு, காலை 7:10

2009 ஜூலையில் நடந்தது இது. அமெரிக்காவில் அமேசானின் கிண்டில் என்ற மின்னூல் கருவி வைத்திருந்த பலர், காசு கொடுத்து வாங்கிய ஒரு புத்தகத்தைத் தங்கள் கருவியில் காணாமல் தேடினார்கள். புத்தகம் போயிருந்தது, கொடுத்த பணம் திரும்பி வந்திருந்தது. காணாமல் போனவை ஜார்ஜ் ஆர்வெலின் '1984', அவருடைய 'விலங்குப் பண்ணை'. அந்தப் பதிப்பை விற்றவர்களுக்கு அமெரிக்காவில் அதை விற்கும் உரிமை இல்லையாம். அது தெரிந்ததும் அமேசான் தன் இடத்தில் இருந்துகொண்டே வாசகர்களின் கைக்கருவிகளிலிருந்து நூலை அழித்துவிட்டது. படித்துக்கொண்டே குறிப்பு எழுதி வந்த ஒரு பள்ளி மாணவர் வழக்குப் போட்டார். குறிப்பு தங்கியது, எந்த வரிக்கான குறிப்பு என்று சொல்ல வேண்டிய நூல்தான் இல்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது, 1,50,000 டாலர் அறப்பணிக்குப் போனது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

'ஆர்வெல் எழுதியது பலித்துவிட்டது' என்று அப்போது பலரும் சொன்னார்கள். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வகுப்பில் இந்தச் சம்பவத்தைச் சொன்னால் இன்றும் மாணவர்கள் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

'1984'-ல் வின்ஸ்டன் ஸ்மித்தின் வேலை பழைய செய்தித்தாளைத் திருத்துவது. கட்சி நேற்று சொன்னது இன்று பொய்த்துப் போனால், நேற்றைய தாளை மாற்றி அச்சடித்து, பழையதைச் சுவரிலுள்ள ஒரு துளையில் போட்டுவிட வேண்டும். அது உலைக்குப் போய்ச் சாம்பலாகும். அங்கே ஒரு நோக்கம் இருந்தது, நோக்கத்துக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது. 2009-ல் யாருக்கும் ஆர்வெலை ஒழிக்கும் எண்ணம் இல்லை. உரிமைச் சிக்கல் ஒன்று வந்தது, அழிக்கும் வசதி ஏற்கெனவே கையில் இருந்தது, அழித்தார்கள். தீய எண்ணமே இல்லாமல் இது நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இதற்குப் பொருத்தமான கதை '1984' நாவலுக்கும் 40 ஆண்டு முன்னால் வந்தது. ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909-ல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்'. வானொலி ஒலிபரப்புக்கூட வழக்கத்துக்கு வராத காலம். பூமிக்கு அடியில், தேன்கூட்டு அறை மாதிரி அறுகோண அறை. அதில் வஷ்தி என்றொரு தாய். பொத்தானை அழுத்தினால் சாப்பாடு, பொத்தானை அழுத்தினால் பாட்டு, பொத்தானை அழுத்தினால் வெந்நீர்த் தொட்டி. ஆயிரக்கணக்கானவர்களை அவளுக்குத் தெரியும், யாரையும் தொட்டதில்லை. பூமியின் மறுபக்கத்திலிருந்து மகன் கூனோ ஒளிரும் தட்டு ஒன்றில் தோன்றி, 'நேரில் வா அம்மா' என்கிறான். 'அதுதான் உன்னைப் பார்க்கிறேனே' என்கிறாள். 'இந்தத் தட்டில் உன்னைப் போல ஏதோ தெரிகிறது, நீ தெரியவில்லை' என்கிறான் மகன்.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். இந்த வரியை வகுப்பில் வாசிக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குக் குரல் கம்மிப் போகிறது.

அந்தக் கதையில் கொடுங்கோலன் கிடையாது, உளவுப் போலீஸ் கிடையாது. எல்லாரும் ஒன்றைச் சார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கட்டுப்பாடு பிறகு தானாக வந்து சேர்கிறது. முதலில் சார்பு, அப்புறம்தான் கட்டுப்பாடு என்பது என் வாதம். ஆர்வெலை மட்டும் படித்துவிட்டு நாம் தவறான வாசலில் காவலுக்கு நிற்கிறோமோ என்று தோன்றுகிறது. உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.


சிவப்புமை
ஞாயிறு, காலை 9:45

சுவடி அம்மா, நல்ல இழை. ஆனால் ஃபார்ஸ்டரைவிட ரே பிராட்பரி உங்கள் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானவர் என்பேன். 'ஃபாரன்ஹீட் 451' என்றாலே புத்தகத்தைக் கொளுத்தும் அரசாங்கம்தான் பலருக்கு நினைவு வரும். நாவலுக்குள் தீயணைப்புத் தலைவர் பீட்டி சொல்வது வேறு. இது மேலிருந்து வந்த உத்தரவில் தொடங்கவில்லை, மக்களே வாசிப்பதை நிறுத்தினார்கள், சுருக்கம் கேட்டார்கள், சுருக்கத்துக்கும் சுருக்கம் கேட்டார்கள், எவர் மனமும் நோகக் கூடாது என்றார்கள், கடைசியில்தான் நாங்கள் தீயோடு வந்தோம் என்கிறார். நாயகனின் மனைவி காதில் சிப்பி போல ஒன்றைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் ஒலி கேட்டபடி படுத்திருப்பாள். எழுதப்பட்டது 1953-ல். இன்று காலை பேருந்தில் என்னைச் சுற்றி இருந்தவர்களில் காதில் ஒன்றும் இல்லாதவர் ஓட்டுநர் மட்டுமே.

நான் 30 வருடமாக அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். அதனால் இந்த நூலின் வரலாற்றில் என்னை உலுக்கியது வேறொரு சேதி. 1967-ல் இதன் பதிப்பகமே பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்புக் கொண்டுவந்தது. ஆசிரியருக்குச் சொல்லாமல் 75 இடங்களில் கை வைத்தார்கள். வசைச் சொற்கள் போயின, கருக்கலைப்பு என்ற சொல் போயிற்று, குடிகாரன் ஒருவன் நோயாளியாக மாறினான். 1973 முதல் கடைகளில் கிடைத்ததே அந்த வெட்டுப்பட்ட பதிப்புத்தான். பிராட்பரிக்குத் தெரிய வந்தது 1979-ல். உடனே முழு நூலையும் பழையபடி அச்சடிக்க வைத்தார்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் திருட்டு பிடிபட ஒரு காரணம்தான் இருந்தது. பழைய பதிப்பு ஆயிரக்கணக்கான வீட்டு அலமாரிகளில் அப்படியே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த மெய்ப்புத் திருத்துநருக்கும் அரை மணி நேர வேலை. 2023-ல் ரோல்ட் டாலின் சிறுவர் நூல்களில் நூற்றுக்கணக்கான சொற்களை மாற்றினார்கள் அல்லவா? முன்பே மின்னூல் வாங்கி வைத்திருந்த சிலருக்கு அந்த மாற்றிய பாடம் தானாகவே வந்து பழையதன் மேல் உட்கார்ந்துகொண்டதாகச் செய்தி வந்தது. அப்போது எதை எதோடு ஒப்பிடுவது?


நிரல்மொழி
ஞாயிறு, காலை 11:20

இந்தத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

மின்னூல் 'வாங்கும்' பொத்தானை அழுத்தும்போது நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம். கோப்பு பூட்டோடு வருகிறது, சாவி நிறுவனத்திடம். உங்கள் கருவி அடிக்கடி சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: புதிதாக என்ன இருக்கிறது, இவர் எந்தப் பக்கத்தில் விட்டார், எதை அடிக்கோடிட்டார்? இரவு கைப்பேசியில் விட்ட பக்கம் காலையில் டேப்லெட்டில் திறப்பதை நாம் ரசிக்கிறோம். அந்த வசதிக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் அழிக்கும் உத்தரவும் வரமுடியும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அடைப்பது நம் கையில் இல்லை.

ஆர்வெல் கற்பனை செய்ததற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று யோசியுங்கள். ஒரு துறை நிறையக் குமாஸ்தாக்கள், திரும்பத் திரும்ப அச்சடிக்க எந்திரங்கள், பழைய பிரதிகளை ஊர் ஊராகத் தேடிப் பிடிக்க ஆட்கள். இன்று ஒரு சர்வரில் ஒரு கோப்பை மாற்றினால் போதும். அதனால் அவர் பொருந்தமாட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை அக்கா. அவர் சொன்ன வேலையின் கூலி ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. நோக்கம் உள்ளவன் நாளை வந்தால் அவனுக்காகக் கருவி தயாராகக் காத்திருக்கிறது.

ஃபார்ஸ்டரின் கதையை நேற்றிரவுதான் படித்தேன். ஓரிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதியையும் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள், முழு இயந்திரத்தையும் புரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை என்று வருகிறது. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். என் பகுதி எனக்குத் தெரியும், பக்கத்து இருக்கைக்காரரின் பகுதி பாதி தெரியும். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று பேனா இருந்தது, எழுதத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். இன்னும் 20 வருடம் கழித்து?


மல்லிகை
ஞாயிறு, மதியம் 1:05

எல்லாரும் புத்தகத்தைப் பற்றியே பேசறீங்க. நான் என் ஆச்சியைப் பற்றிச் சொல்றேன்.

ஆச்சிக்கு 71 வயசு. சின்ன வயசிலிருந்து பீடி சுற்றின கை. இலையை வெட்டி, மடிச்சு, சுருட்டி, விரல் நுனி வழவழன்னு ஆகிப்போச்சு. ரேஷன் கடையில மெஷினில் விரல் வச்சா ரேகை விழாது. துடைச்சு வச்சுப் பார்ப்பாங்க, எண்ணெய் தடவி வச்சுப் பார்ப்பாங்க, வேற விரல், வேற கை. சில மாசம் விழும், சில மாசம் விழாது. சில நாள் ரேகை விழும், அன்னைக்கு 'சர்வர் இல்லை'ம்பாங்க. கடைக்காரர் ஆச்சியைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்தவர். 'இது யாருன்னு எனக்குத் தெரியும் தாயி, மெஷினுக்குத் தெரியலையே'ன்னு அவரே வருத்தப்படுவார். வேற வழி இருக்குன்னு சொல்றாங்க, போனுக்கு எண் வரும்ங்கறாங்க. அந்த போன் என்கிட்ட இருக்கு, நான் வேலை பார்க்கிறது 300 கிலோமீட்டர் தள்ளி.

'மக்களே விரும்பி ஏத்துக்கிட்டாங்க'ன்னு சிவப்புமை ஐயா சொன்னது எங்க ஆச்சிக்குப் பொருந்தாது. அவங்க எந்த வசதிக்கும் ஆசைப்படலை. நோட்டில் கைநாட்டு வச்சு அரிசி வாங்கிக்கிட்டிருந்தாங்க. நீங்க சொல்ற கதை எல்லாமே வசதியில் மயங்கினவங்க கதையா இருக்கு. கேட்காமலே உள்ளே தள்ளப்பட்டவங்க கதை அதில் எங்கே இருக்கு?


சுவடி
ஞாயிறு, மாலை 4:30

மல்லிகை, உன் கேள்வியை நான்கைந்து முறை படித்தேன் அம்மா. அதன் பிறகு கதையை மறுபடி எடுத்தேன்.

நீ கேட்டவர்கள் கதையில் இருக்கிறார்கள், விளிம்பில். இயந்திரத்துக்குப் பொருந்தாதவர்களுக்கு அங்கே கொடுக்கும் தண்டனையின் பெயர் வீடற்ற நிலை. பூமியின் மேற்பரப்பில் விட்டுவிடுவார்கள், அந்தக் காற்று ஆளைக் கொன்றுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கூனோ ஒருமுறை திருட்டுத்தனமாக மேலே போகிறான். அங்கே ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவள் இவனுக்கு உதவ ஓடி வருகிறாள், உயிர் விடுகிறாள். அவள் பெயரைக்கூட ஃபார்ஸ்டர் சொல்வதில்லை, இரண்டு வரியில் கடந்துவிடுகிறார். இத்தனை வருடம் நானும் அந்த இரண்டு வரியைக் கடந்துதான் பாடம் நடத்தியிருக்கிறேன். ரேகை விழாதவர்களின் பக்கத்திலிருந்து அந்தக் கதை இன்னும் எழுதப்படவில்லை. நீ சொன்னது சரி.

இன்னொன்றும் உன் கடிதம் நினைவூட்டியது. கதையின் பிற்பகுதியில் பாட்டில் ஒரு கரகரப்பு வருகிறது. வஷ்தி புகார் செய்கிறாள். 'விரைவில் சரி செய்யப்படும்' என்று குழு பதில் சொல்கிறது. சரியாவதில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கரகரப்பும் பாட்டோடு சேர்ந்ததுதான் என்று பழகிவிடுகிறார்கள். பிறகு குளிக்கும் நீரில் நாற்றம், அதற்கும் பழகுகிறார்கள். சரிசெய்யும் கருவியே பழுதாகிவிட்டது என்று குழு கடைசியில் ஒப்புக்கொள்ளும்போதும் பொறுத்துக்கொள்கிறார்கள். 'சர்வர் இல்லை' என்றதும் நாமெல்லாம் பையை மடித்துக்கொண்டு திரும்பி நடக்கிறோமே, அந்த நடை இதுதான்.


வடலி
திங்கள், அதிகாலை 2:15

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ரொறன்ரோ. நேரம் பிந்தித்தான் எழுதுறன்.

கடதாசிப் புத்தகம் பத்திரம், மின்னூல் ஆபத்து எண்டமாதிரி இந்தக் கதை போகுது. எனக்கு அதை வாசிக்க நெஞ்சு தாங்கேல்லை. எங்கட யாழ் பொது நூலகம் 1981-ல மே 31 இரவு எரிக்கப்பட்டது. கிட்டத்தட்ட 97,000 நூல். வேற எங்கயும் பிரதி இல்லாத ஏடுகள், கையெழுத்துப் பிரதிகள், பழைய பத்திரிகைக் கட்டுகள். என்ர அப்பா அங்க வாசிக்கப் போற ஆள். அடுத்தநாள் காலமை போய் நிண்டவர், திரும்பி வந்து ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை எண்டு அம்மா சொல்லுவா. அந்தச் சாம்பலுக்கு எந்தப் பொத்தானும் தேவைப்படேல்லை.

அதுக்குப் பிறகு எங்களைக் காப்பாற்றினது என்ன தெரியுமோ? மின்படம்தான். 2005-ல இருந்து நூலகம் திட்டம் எண்டு தன்னார்வலர்கள் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், கோயில் மலர்கள், பள்ளிக்கூட மலர்கள் எல்லாத்தையும் ஒண்டொண்டாய்த் தேடி எடுத்து இணையத்தில ஏத்துகினம். அப்பா 1970களில ஒரு சின்னச் சஞ்சிகையில எழுதின கட்டுரை ஒண்டு எங்களிட்ட இல்லை. ஆரோ ஒருத்தர் வீட்டுப் பெட்டியில இருந்த இதழை அவையள் மின்படமாக்கிப் போட்டிருந்தவை. அப்பாக்கு 80 வயதில அதைக் காட்டினன். ஓரத்தில தேத்தண்ணிக் கறை. 'இது என்ர கறை இல்லை' எண்டார், பிறகு அழுதுபோட்டார்.

அதால சுவடி அக்கா, இயந்திரத்தில பழியைப் போடாதேங்கோ. எரிஞ்ச நூலகத்துக்கும் 2009-ல அழிஞ்ச நூலுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. எல்லாம் ஒரே இடத்தில இருந்தது.


சிவப்புமை
திங்கள், காலை 8:40

வடலி அம்மா, காகிதம் என்று நான் எழுதியபோது என் மனதில் இருந்தது அலமாரி அலமாரியாகப் பரவிக் கிடக்கும் பிரதிகள். ஒரே கட்டடத்தில் இருக்கும் ஒற்றைப் பிரதியை நினைக்கவே இல்லை. நீங்கள் சொன்ன பிறகு அது எவ்வளவு பெரிய விடுபடல் என்று தெரிகிறது. திருத்திக்கொள்கிறேன்.

யெவ்கெனி ஜாமியாட்டினின் 'நாங்கள்' நினைவுக்கு வருகிறது. கண்ணாடிச் சுவர் வீடுகளில் பெயருக்குப் பதில் எண்ணோடு வாழும் மக்களைப் பற்றிய நாவல். ரஷ்யர் ரஷ்ய மொழியில் 1920-21-ல் எழுதியது, முதலில் வெளிவந்தது ஆங்கிலத்தில், 1924-ல், நியூயார்க்கில். சொந்த நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருந்தது. கையெழுத்துப் பிரதி ஒன்று எல்லை தாண்டிப் போயிருக்காவிட்டால் ஆர்வெலுக்கும் படிக்கக் கிடைத்திருக்காது, நமக்கும் கிடைத்திருக்காது.


நிரல்மொழி
திங்கள், காலை 10:05

வடலி அக்கா சொன்ன அந்தக் கடைசி வரி எங்கள் துறையில் பால பாடம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் லாக்ஸ் என்றொரு திட்டம் தொடங்கினார்கள். 'நிறையப் பிரதி இருந்தால் பொருள் பத்திரம்' என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். பல நூலகங்கள் ஒரே ஆய்விதழைத் தனித்தனியே தங்கள் கணினியில் வைத்திருக்கும். கணினிகள் அவ்வப்போது ஒன்றோடொன்று சரிபார்த்துக்கொள்ளும். ஒன்றில் ஓர் எழுத்து கெட்டிருந்தாலும் மற்றவற்றின் சாட்சியை வைத்துத் திருத்திக்கொள்ளும்.

சிவப்புமை ஐயா கேட்ட 'எதை எதோடு ஒப்பிடுவது' என்பதற்கும் வழி உண்டு. ஒரு கோப்பைக் குறிப்பிட்ட கணக்கில் போட்டால் நீளமான ஓர் எண் கிடைக்கும். ஹேஷ் என்போம். கோப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். நூலை ஏற்றும் நாளிலேயே அந்த எண்ணை நாலு பேர் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு எவர் கை வைத்தாலும் தெரிந்துவிடும். கோப்பு பூட்டில்லாமல் நம் கையில் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும். வாடகைக்கு இருக்கும் நூலுக்குச் செய்ய முடியாது.

தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பூட்டில்லாத கோப்புகள், யார் வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். என் மடிக்கணினியிலும் ஒரு தொகுப்பு இருக்கிறது. இந்த இழையைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒன்று எடுத்து வையுங்கள்.


கடலோரம்
திங்கள், இரவு 9:30

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தயங்கினேன்.

நான் தூத்துக்குடிக்காரன். 2018-ல் வேலை சென்னையில், அப்பா அம்மா ஊரில். மே 22 துப்பாக்கிச்சூடு. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் 100-ஆவது நாள். மொத்தம் 13 பேர் உயிர் போயிற்று. மறுநாள் இரவு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி பரவுவதைத் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. மே 27 வரை என்று உத்தரவு.

போன் பேச முடிந்தது. ஆனால் நான் அதுவரை ஊர் நிலவரத்தைத் தெரிந்துகொண்டது முழுக்க வாட்ஸ்அப் குழுக்களில். எங்கள் தெருவுக்கு ஒன்று, பள்ளி நண்பர்களுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று. எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாயின. சென்னையில் இருக்கும் எனக்கு நெட் இருந்தது, ஊரில் இருப்பவர்களுக்கு இல்லை. அதனால் ஊரைப் பற்றி ஊரில் இல்லாதவர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை ஆளுக்கொன்று சொன்னார்கள். வதந்தியைத் தடுக்க மூடினார்கள், நேரில் கண்டவன் வாய்தான் முதலில் மூடியது.

அப்பா ஒரு காரியம் செய்தார். அவர் சின்னதாக ஒரு டீக்கடை வைத்திருந்தார். கடை திறக்க முடியாத அந்த நாட்களில் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். நாள், மணி, யார் வந்து சொன்னது, என்ன சொன்னது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தார். இடப்பக்கம் தலைப்பு 'கண்டது', வலப்பக்கம் 'கேட்டது'. கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் இடப்பக்கம். அடுத்தவர் சொன்னார் என்றால் வலப்பக்கம். வலப்பக்கத்தில் எழுதிய ஒன்று பிறகு நேரில் கண்டவர் வாயால் உறுதியானால், அம்புக்குறி போட்டு இடப்பக்கத்துக்கு இழுத்திருப்பார். அவர் எட்டாவது வரை படித்தவர். ஆர்வெலும் தெரியாது, ஃபார்ஸ்டரும் தெரியாது.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்திய இணையம் 4ஜி வேகத்தில் முழுதாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. காலவரையறை இல்லாமல் நிறுத்தக்கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10-ல் சொன்ன பிறகும் அத்தனை மாதம். எங்களுக்கு ஐந்து நாள்தான். அந்த ஐந்து நாளே எனக்கு இன்னும் ஆறவில்லை.


சுவடி
திங்கள், இரவு 11:50

கடலோரம் தம்பி, உங்கள் அப்பாவின் அந்த நடுக்கோட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபார்ஸ்டர் கதையில் ஒரு பேருரையாளர் வருவார், மிகவும் முற்போக்கானவர் என்று பெயர். 'நேரடிக் கருத்துகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்' என்பது அவர் போதனை. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி மிராபோ சொன்னதைக் கார்லைல் நினைத்ததை லாஃப்காடியோ ஹெர்ன் நினைத்ததை என்று பத்துக் கை மாறி வந்தால்தான் கருத்துச் சுத்தமாகும் என்பார். கூட்டம் கைதட்டும். அந்த உரை வரும் சமயத்தில் மேற்பரப்புக்குப் போக உதவும் சுவாசக் கருவிகளை ஒழித்துவிடுகிறார்கள். எவரும் போய்ப் பார்க்க முடியாது, பார்க்க வேண்டிய தேவையும் இல்லை என்கிறார்கள். அவர்களைவிட உங்கள் அப்பா தெளிவாக இருந்திருக்கிறார். பத்தாம் கையையும் முதல் கையையும் ஒரே பக்கத்தில் எழுதலாம், நடுவில் கோடு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆர்வெலைக் கொஞ்சம் ஒதுக்கியே பேசிவிட்டேன், அவருக்குச் செய்ய வேண்டிய நியாயம் ஒன்று பாக்கி. அவர் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில், 1903-ல். 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யின் கீழை நாட்டுப் பிரிவில் இந்தியாவுக்கான ஒலிபரப்பில் வேலை பார்த்தார். போர்க்காலத் தணிக்கைக்கு நடுவே வாராவாரம் செய்தி விமர்சனம் எழுதினார். அவை தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு வரியையும் நிறுத்துப் பார்க்கும் அலுவலகத்தில் இரண்டு ஆண்டு உட்கார்ந்த அனுபவம் '1984'-க்குள் இருக்கிறது. அவர் எழுதி, தமிழில் குரலாகி, காற்றில் வந்த அந்தச் செய்தியை நம் தாத்தாக்கள் யாரோ வானொலிப் பெட்டிக்கு முன்னால் கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது 'கேட்டது' பக்கம்.

முதலில் சார்பு, பிறகு கட்டுப்பாடு என்றேன். வடலி எழுதியதையும் தம்பி எழுதியதையும் படித்த பின் அந்த வரிசை மேல் எனக்குப் பழைய உறுதி இல்லை. யாழ்ப்பாணத்தில் எவரும் எதற்கும் அடிமையாகி இருக்கவில்லை. தீ வந்தது. தூத்துக்குடியில் சார்பு இருந்தது, ஆனால் கத்தரித்தது நோக்கமுள்ள கை. கிண்டில், யாழ்ப்பாணம், தூத்துக்குடி மூன்றிலும் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: பிரதி எத்தனை, அவை யாரிடம்.


மல்லிகை
செவ்வாய், காலை 7:25

இந்த மாசம் ஆச்சிக்கு மூணாவது விரலில் விழுந்திருச்சாம். அம்மா போன் பண்ணினாங்க.

கடலோரம் அண்ணா, அந்த நோட்டு இப்போ எங்கே இருக்கு?


கடலோரம்
செவ்வாய், மதியம் 12:40

ஊரில், அம்மா புடவைப் பெட்டியில். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. ஒரே நோட்டு. கடல் காற்றில் ஊக்கு துருப்பிடித்துப் பக்கம் பழுப்பேறுகிறது. மல்லிகை கேட்ட பிறகுதான் உறைத்தது, நேற்று நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான் என்று. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.


வடலி
செவ்வாய், இரவு 11:10

தம்பி, படம் எடுக்கேக்க பகல் வெளிச்சத்தில எடுங்கோ, ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தை அழுத்தி விரிக்காதேங்கோ, ஊக்கு இருக்கிற இடம் கிழியும். கீழே ஒரு வெள்ளைத் துணி விரியுங்கோ. வந்து சொன்ன ஆக்களின்ர பெயரை மறைச்சு ஒரு தொகுதி, மறைக்காமல் ஒரு தொகுதி உங்களிட்ட மட்டும். மறைச்சதில ஒண்டை எனக்கு விடுங்கோ. இஞ்ச ரெண்டு இடத்தில வைக்கிறன்.


சிவப்புமை
புதன், காலை 8:15

எனக்கும் அனுப்புங்கள் தம்பி. நல்ல தாளில் அச்செடுத்துத் தைத்து வைக்கிறேன், இரண்டு படி. ஒன்று உங்கள் அம்மாவுக்கு. உங்கள் அப்பா எழுத்தில் பிழை இருந்தாலும் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன்.


கடலோரம்
ஞாயிறு, மாலை 6:20

எடுத்துவிட்டேன். அம்மாதான் துணியைப் பிடித்துக்கொண்டார். 38 பக்கம். உங்கள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன்.


நிரல்மொழி
ஞாயிறு, இரவு 8:45

வந்தது. 38 படம் இருக்கிறது. ஆனால் 17-ஆம் பக்கம் இரண்டு முறை வந்திருக்கிறது, 18-ஐக் காணோம். ஊரில்தானே இருக்கிறீர்கள்? பெட்டியை மூடுவதற்கு முன் அதை மட்டும் மறுபடி எடுங்கள். அது வந்த பிறகு ஹேஷ் எண்ணைக் கணக்கிட்டு எல்லாருக்கும் சொல்கிறேன்.


கடலோரம்
ஞாயிறு, இரவு 9:10

18-ஐ அனுப்பிவிட்டேன், பாருங்கள். மே 25, காலை 6:40. இடப்பக்கம் மட்டும் எழுதியிருக்கிறார்.